கதவைப் பூட்டாதே, அஞ்சலை

என் மகள் அஞ்சலைக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் வீக்கம் மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. வழக்கமாக உனக்கு வருவது தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதித் தருகிற கடிதம். நான் சொல்வதை அவர் அலசிப் பிழிந்து, சகல சௌபாக்கியங்களும் சேர்த்து, யாரோ ஒரு ஜமீன்தார் எழுதியது போல ஆக்கிவிடுவார். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும், திட்டாமல் படி. இதில் இருப்பதை இன்னொருவர் காதில் போட்டு எழுத வைக்க எனக்கு முகம் இல்லை. முதலில் நீ தனியாக உட்கார்ந்து படி. பிறகு பேரன் ராசுவுக்கு வாசித்துக் காட்டலாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

போன வாரம் உன் கடிதம் கிடைத்தது. ராசு மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போனான் என்று விளக்குமாறு ஒடிகிற வரைக்கும் அடித்ததாக எழுதியிருக்கிறாய். ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போகிற நேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்தவனை உள்ளே வைத்து வெளியே பூட்டு போட்டுவிட்டுப் போகிறாயாம். சாவி உன் முந்தானையில் முடிந்திருக்கிறதாம். அதற்குக் கீழே ஒரு வரி: 'முத்து கைய விட்ட மாதிரி இவன் கையையும் விட்டுட்டு நிக்க மாட்டேன்ப்பா.' உன் தம்பி முத்து தண்ணீரோடு போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. அன்றைக்கு உனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நாலு. இத்தனை வருஷத்தில் இதே வார்த்தையை நீ பேச்சோடு பேச்சாகப் பல தடவை சொல்லியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் பெட்டியிலிருந்து அவன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டும் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தேன். இப்போது அது காகிதத்தில் வந்திருக்கிறது. தலையணைக்குக் கீழே வைத்தாலும் அங்கேயே இருக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று அந்தப் பூட்டைப் பற்றி. இன்னொன்று அந்தக் கையைப் பற்றி. பூட்டைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, கையைப் பற்றிச் சொல்லாமலே கடிதத்தை மடித்துவிடலாம் என்று இரண்டு தடவை பார்த்தேன். முடியவில்லை. இரண்டும் ஒரே கயிற்றில் முடிந்திருக்கிறது.

ராசுவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். கிள்ளானிலிருந்து கடலைப் பார்த்து வருகிற மண் சாலையின் கடைசியில் நம் தோட்டம். கடல் ஏறுகிற நேரத்தில் கடல் மேலேயும் நாம் பால் எடுக்கிற கித்தா மரங்கள் கீழேயும் இருக்கும். நடுவில் இருப்பது ஒரு மண் கரையும் ஒரு மதகும்தான். கடல் இறங்கும்போது மதகைத் திறந்து தோட்டத்து மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும், ஏறும்போது மூட வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அது என் வேலை. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடிப்பதும் என் வேலை. அந்தச் சத்தம் கேட்டால் வரிசை வீட்டு லயத்து ஜனம் எல்லாம் எழுந்து வந்து, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் முன்னால் வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். கைப்பிள்ளைகளையும் நண்டுசிண்டுகளையும் களத்தை ஒட்டிய ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போக வேண்டும். அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது.

உன் அம்மா போய், நீயும் கல்யாணமாகிப் போன பிறகு லயத்து வீட்டை ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்கு விட்டுவிட்டு, நான் மதகுப் பக்கத்துக் குடிசைக்கே வந்துவிட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு நான் மதகுக்காரக் கிழவன், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட எனக்கு இன்னும் கை வரவில்லை. தினம் மிஞ்சுகிறது, கோழிகள் தின்கின்றன. சில நாள் மதகை மூடிவிட்டு வரும்போது, 'வந்துட்டேன்' என்று குடிசைக்குள் சொல்கிறேன். பதில் வராது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நீ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து கூடவே இருங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டாய். மதகை யார் பார்ப்பார்கள் என்று சாக்கு சொன்னேன். உண்மை அது இல்லை. உன்னோடு ஒரே வீட்டில் இருந்தால் அந்த வரியை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் இங்கே தனியாகக் கிடக்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்தேனே, இரண்டு நாள். நீ முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ராசு என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனான். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், ஆற்றில் இறங்குகிற துறையில் ஒரு பழைய தூண் நிற்கிறதே, அதில் உடைந்த செங்கல்லால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தான்.

"தாத்தா, யார்ட்டயும் சொல்லாதீங்க லா."

"என்னடா இது, கோலமா?"

"இல்ல தாத்தா. கீழ்க் கோடு வரைக்கும் தண்ணி வந்தா ஒண்ணும் இல்ல. ரெண்டாவது கோட்டத் தொட்டுச்சுன்னா நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கற கால்வாய்ல தண்ணி திரும்பி ஓடும். நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். மூணாவது கோட்டுக்கு இன்னும் வரல. வந்தா நம்ம படிக்கட்டுக்கு வந்துரும்னு நெனக்கிறேன்."

"அம்மாட்ட சொன்னியா?"

"சொன்னா, ஆத்துக்குப் போனது தெரிஞ்சிரும். தோல உரிச்சிரும்."

முப்பது வருஷம் தண்ணீரைப் பார்த்துப் பிழைத்தவன் நான். ஒன்பது வயதுப் பையன் எனக்குப் பாடம் சொல்கிறானே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அவன் கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இதே பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். உன்னிடமும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பையனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் உன் அப்பனுக்குப் பழக்கம் அதிகம்.

சின்ன வயதில் நீயும் உன் கூட்டாளிகளும் நண்டு பிடிக்கக் கரைக்குப் போவீர்கள். தகர டப்பாவில் நண்டைப் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகத் துரை பங்களாவின் சமையல்கட்டுக்குப் போய், அங்கிருந்த சீனச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, ரொட்டித் துண்டு வாங்கித் தின்றுவிட்டு வருவீர்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் கரைமேல் கால் வைக்கக் கூடாது என்று நான்தான் உத்தரவு போட்டிருந்தேன். வழுக்கி விழுந்தால் மதகு வாய்க்குள் போய்விடுவார்கள் என்ற பயம். பயம் நியாயமானதுதான். முத்து போன அந்த மழை மாதத்தில் அமாவாசைக்கு எட்டு நாள் முன்னால் நீ என்னிடம் வந்து நின்றாய். காலில் சேறு முழங்கால் வரைக்கும்.

"அப்பா, பழைய மதகு இருந்த எடத்துல, கரைக்கு உள்பக்கம் நண்டு வளைலேர்ந்து தண்ணி கொப்பளிக்குதுப்பா. கலங்கலா வருது."

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? எவ்வளவு தண்ணீர் என்று கேட்கவில்லை. எந்த இடம் என்று கேட்கவில்லை. "கரைக்கு எதுக்குடி போன?" என்று கேட்டேன். கன்னத்தில் ஒன்று விட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அன்று சாயங்காலமே போய்ப் பார்த்திருக்கலாம். பொட்டைப்பிள்ளை சொல்லி மதகுக்காரன் போய்க் கரையைப் பார்ப்பதா என்று ஒரு வீம்பு. இன்னும் நாலு நாள் கழித்து அந்த ஓட்டையில் உன் கை முழங்கை வரைக்கும் உள்ளே போனதாம். நீ அதைச் சொல்லவில்லை. பின்னால் ஒரு தடவை ஜுரத்தில் கிடந்தபோது உளறினாய்: "சொன்னா அடிப்பாரு, சொன்னா அடிப்பாரு." நான் உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடித்தது ஒரு அடிதான். அந்த ஒரு அடியில் இந்தத் தோட்டத்துக்குக் கரையைப் பற்றிச் சேதி சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

அமாவாசை அன்று விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கடல் முழுக்க ஏறி நின்றது. மூன்று நாள் மழை. லாந்தரை எடுத்துக்கொண்டு கரையைப் பார்க்கப் போனவன், நீ சொன்ன அதே இடத்தில் கரை உள்வாங்குவதைப் பார்த்தேன். ஓடினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தத் தண்டவாளம்தான். அடித்தேன், கை மரத்துப் போகிற வரைக்கும் அடித்தேன். என் மனசுக்குள் 'ஓடுங்கள், ஓடுங்கள்' என்று சொல்லித்தான் அடித்தேன். ஆனால் லயத்தில் இருந்தவர்களுக்கு அது என்ன சொன்னது? இன்றைக்குப் பெரட்டு சீக்கிரம், துரை கோபத்தில் இருக்கிறார், வா என்று சொன்னது. ஜனம் வாளியும் கத்தியுமாக ஓடி வந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோட்டத்திலேயே தாழ்வான அந்தக் களத்துக்கு, வாய்க்கால் ஓரத்துக்கு, நானே அவர்களைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டேன். "கரை போகுது, கரை போகுது" என்று கத்தினேன். "அப்ப எங்கண்ணே போறது?" என்று ஒருவர் கேட்டார். நான் மறுபடியும் "கரை போகுது" என்றுதான் கத்தினேன். தோட்டத்தில் மேடு என்று இருப்பது துரை பங்களா நிற்கிற குன்று ஒன்றுதான். வேலைக்காரன் எவனும் கூப்பிடாமல் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. தண்ணீர் வருகிறது என்று கண்ணால் பார்த்தவனுக்கே அந்தப் படி ஞாபகத்துக்கு வரவில்லை. துரையிடம் இருந்த பயம் தண்ணீரைப் பார்த்த பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

உனக்கு மட்டும் ஞாபகம் வந்தது. நண்டு விற்கப் போன வழி. நீ ஐந்து பிள்ளைகளை ஒரு கையில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, மறு கையில் முத்துவையும் பிடித்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் பங்களாவைப் பார்த்து ஓடினாய். கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. இப்போது இதைத் தாண்டிப் போகிறேன். திரும்பி வருவேன், ஏமாற்ற மாட்டேன். சமையல்காரர் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "நாய்க்! சிப்பாட் நாய்க்!" என்று மலாயில் கத்தி, ஏறு, சீக்கிரம் ஏறு என்று உங்கள் ஒவ்வொருவரையும் இழுத்து மேலே விட்டாராம். அதற்குள் கரை உடைந்துவிட்டது. பெரியவர்கள் மரத்தைப் பிடித்தும் கூரைமேல் ஏறியும் பிழைத்தார்கள். ஆயாக்கொட்டகை காலோடு பெயர்ந்து போயிற்று. இரண்டு குழந்தைகள் திரும்பி வரவில்லை. ஒன்று நம் முத்து.

தண்ணீர் வடிந்த அன்று உன் அம்மா உன்னைப் பிடித்து உலுக்கினாள். "தம்பி கைய ஏன்டி விட்ட? சொல்லுடி, ஏன் விட்ட?" நீ திருதிருவென்று விழித்தாய். "தெரியலம்மா. வழுக்கிருச்சு. திரும்பிப் பாத்தேன், இல்ல" என்றாய். நான் இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவள் காய்ச்சலில் போகிற வரைக்கும் உன்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அவளுக்குக் கஞ்சி ஊட்டுவாய், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு குடிப்பாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் கரைப் பக்கம் ஒரு பிள்ளையையும் விடவில்லை. பிரம்போடு உலாத்துவேன். உன் கல்யாணம் முடிந்த மறு வருஷம் ஒரு நாள், லயத்துச் சிறுமி ஒருத்தி வந்தாள். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, அடி வாங்கத் தயாராக நின்றுகொண்டு, "தாத்தா, அங்க கரைல ஓட்ட" என்றாள். தலையைப் பொத்திக்கொண்டு வந்து சேதி சொல்கிறது, பார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழுகை வந்துவிட்டது. அவள் பயந்து போய் ஓடப் பார்த்தாள். பிரம்பை வாய்க்காலில் எறிந்துவிட்டு, "வாம்மா, எங்கன்னு காட்டு" என்று அவள் பின்னால் போனேன். அவள் காட்டிய ஓட்டையை நான் அதற்கு முதல் நாள்தான் தாண்டிப் போயிருந்தேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் நின்றுகொண்டு பார்க்கிறேன், அவர்கள் குனிந்து நண்டைத் தேடுகிறார்கள்.

அன்றிலிருந்து அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முந்தின இரண்டு நாளும், கடல் இறங்கி இருக்கிற பகல் நேரத்தில், பிள்ளைகள் என்னோடு கரைமேல் வருகிறார்கள். மதகு வாய்க்குப் பக்கத்தில் ஒருவரும் போகக் கூடாது, ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிய வேண்டும். ஓட்டையைப் பார்த்தால் மூங்கில் குச்சி நட வேண்டும். களிமண் மிதிக்கிற வேலையும் ஓட்டையை அடைக்கிற வேலையும் பெரியவர்களுக்கு. மாதத்தில் இந்த நாலு நாள்தான் என் குடிசைக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்கிறது. மற்ற நாளெல்லாம் அடுத்த அமாவாசை எப்போது என்று விரல் மடக்கிக்கொண்டிருக்கிறேன். தண்ணீருக்குப் பயந்து எண்ணுகிறேனா, பிள்ளைகள் வருவார்கள் என்று எண்ணுகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எந்தச் சத்தம் அடிப்பது என்று ஒரு நாள் அவர்களிடமே கேட்டேன். தண்டவாளத்தை வேறு மாதிரி அடிக்கிறேன், மும்மூன்றாக அடிக்கிறேன் என்றேன். தலையைப் பொத்திக்கொண்டு வந்த அதே சிறுமி சொன்னாள்: "அது அடிச்சா எங்கம்மா மொதல்ல சீவற கத்தியத்தான் தேடும். எப்படி அடிச்சாலும் பெரட்டுன்னுதான் நெனைக்கும். தகர டின்னு அடிங்க தாத்தா. டின்னு அடிச்சு யாரும் வேலைக்குக் கூப்பிட்டதில்லல்ல?" பதினேழு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இந்தப் புத்தி எங்கே போயிற்று? இப்போது ஒவ்வொரு லயத்து முனையிலும் ஒரு மண்ணெண்ணெய் டின்னும் குச்சியும் தொங்குகிறது. எங்கே ஓடுவது என்பதற்கு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புதுத் துரையிடம் போய், பங்களாக் குன்றில் ஏறலாமா என்று கேட்டேன். துரை பிள்ளைகளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், "தண்ணி வந்தா மட்டும்" என்றார். தண்ணீர் வராவிட்டால் அந்தப் படியில் எங்களுக்கு என்ன வேலை.

போன வருஷம் மறுபடி கரை ஒரு இடத்தில் போனது. பெரிய உடைப்பு இல்லை, ஆனாலும் களத்தில் இடுப்பளவு நின்றது. டின் சத்தம் ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் போய், நான் வீங்கின காலை இழுத்துக்கொண்டு குன்றுக்கு வந்து சேர்வதற்குள் தோட்டமே மேலே நின்றது. வாளி இல்லை, கத்தி இல்லை, கையில் பிள்ளைகள் மட்டும். படியில் உட்கார்ந்திருந்த ஒரு பொடிசு என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்கதான் கடைசி" என்று சிரித்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரும் அவரவர் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு நிற்க இடம் இருந்தது, அணைக்க ஆள் இல்லை. முத்து இருந்தால் அவனுக்குக் கல்யாணம் பேசுகிற வயது.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு ஒரே கதவு. ஜன்னலுக்குக் கம்பி. சாவி உன் முந்தானையில், நீ கால் மணி நேர நடையில் இருக்கிற கிராணி வீட்டில். இது மழை மாதம். மலையில் பெய்கிற மழை கோலாலம்பூரில் வெயில் அடிக்கும்போதுகூட ஆற்றில் வந்துவிடும் என்று ராசுவே என்னிடம் சொன்னான். அந்த மூன்றாவது கோட்டைத் தண்ணீர் தொட்டால், அது படியேறப் போகிறது என்று அந்தக் குடியிருப்பிலேயே முதலில் தெரிந்துகொள்ளக் கூடியவன் அவன்தான். அவனைத்தான் நீ உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாய். தண்ணீர் வந்தால் எங்கே போக வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாயா? பின்னால் ரயில் பாதை மேடு இருக்கிறது. அதில் ஏறினால் மேலதிகாரி ஏதாவது சொல்வார் என்று மாப்பிள்ளை தயங்குவார், எனக்குத் தெரியும். என் பங்களாப் படி கதையை அவரிடம் சொல். ஒரு நாள் பகலில் நீங்கள் மூன்று பேரும் வீட்டிலிருந்து மேடு வரைக்கும் நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள். அவனைத் தனியாக ஆற்றுக்கு அனுப்பு என்று சொல்லவில்லை. சாயங்காலம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீயே துறைக்குப் போ. மேல் படியில் நின்று, "எந்தக் கோட்டுலடா இருக்கு?" என்று கேள். அவன் எது சொன்னாலும் முதல் கேள்வியாக 'எதுக்குடா போன' என்று மட்டும் கேட்காதே.

தாண்டிப் போன இடத்துக்கு வந்துவிட்டேன். இந்தப் பாராவைத்தான் மூன்று தடவை கிழித்தேன்.

நீங்கள் கைகோத்துக்கொண்டு களத்தைக் குறுக்கே ஓடும்போது நான் உங்களுக்குப் பின்னால் இருந்தேன். மழை, பாதி இருட்டு, இடித்துக்கொண்டு ஜனம். நீ முன்னால் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாய். பங்களாவுக்குப் போகிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. துரை பார்த்தால் என்ன ஆகும் என்றுதான் அப்போதும் தோன்றியது. உன்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சின்னவனையாவது பத்திரமாக வைப்போம் என்று நினைத்தேன். ஆயாக்கொட்டகைக்குப் பலகைத் தரை, கால் வைத்து உயர்த்திக் கட்டியது, உள்ளே ஆயா இருக்கிறாள். பின்னாலிருந்து முத்துவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அவன் வரவில்லை, அஞ்சலை. நீ அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாய். இரண்டாவது தடவை வெடுக்கென்று இழுத்த பிறகுதான் வந்தான். "அக்கா" என்று கூப்பிட்டான். அந்த இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது. அவனைக் கொண்டுபோய்க் கொட்டகைப் பலகையில் உட்கார வைத்து, "இங்கயே இரு, அப்பா வரேன்" என்று சொல்லிவிட்டு, நான் மறுபடியும் தண்டவாளம் அடிக்கப் போனேன்.

நீ கையை விடவில்லை. நான் பிடுங்கினேன். அந்த இருட்டில் நான் அவனை அங்கே வைத்ததை ஆயாகூடப் பார்க்கவில்லை. உன் அம்மா உன்னை உலுக்கிய அன்று இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று பயந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைமேல் அதை ஏற்றிவிட்டு நான் இறங்கிக்கொண்டேன். பிறகு நீ வளர்ந்தாய், என்னை 'அப்பா அப்பா' என்று சுற்றி வந்தாய், எனக்கு மிச்சம் இருந்தது நீ ஒருத்தி. சொன்னால் நீயும் போய்விடுவாய் என்று சொல்லவில்லை. சொல்லாததால் எனக்கு என்ன மிஞ்சியது என்று பார். நீ கூப்பிடுகிறாய், நான் வர முடியாமல் மதகோரம் உட்கார்ந்து கோழிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பத்திரம் என்று நினைத்துத்தான் அவனை உன் கையிலிருந்து எடுத்து அந்தப் பலகையில் வைத்தேன். இங்கயே இரு என்று சொன்னேன். அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, அங்கேயே இருந்தான். நீயும் பத்திரம் என்று நினைத்துத்தான் ராசுவிடம் இங்கயே இரு என்று சொல்லிப் பூட்டுகிறாய். நீ அப்படிப் பூட்டுவதற்குக் காரணம் என் பொய். அதனால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் முந்தானையை அவிழ். பூட்டைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் பெட்டிக்குப் போட்டுக்கொள்.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது. எழுதவே பிடிக்கவில்லை என்றால் அதுவும் உன் நியாயம். அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நான் இங்கேதான் இருப்பேன். ராசுவை மட்டும் ஒரு வரி எழுதிப் போடச் சொல். தண்ணீர் இப்போது எந்தக் கோட்டில் இருக்கிறது என்று.

அப்பா